மூன்றாவது பெஞ்சில் மழை

அந்தப் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குடையோடு வருகிறவர் இப்போது ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் தலையில் மழை பெய்வது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. தையல்காரம்மா மேல் மட்டும் இன்னும் பெய்கிறது. இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில், தூணை ஒட்டிய இடத்தில், பூசை நடுவே ஜனங்கள் வேண்டுதல் சொல்லும் விசுவாசிகள் மன்றாட்டு முடியும்போது பெய்யும். காணிக்கைப் பாட்டு முடிந்தால் நிற்கும். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. கூரை வேலை செய்கிறவர் பல தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "மேல எலும்பு மாதிரி காஞ்சு கிடக்குது. உள்ள என்ன நடக்குதுன்னு சாமியைக் கேளுங்க" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாமியாருக்கும் தெரியவில்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு வாளி வைத்தார்கள், அதோடு விஷயம் முடிந்தது.

இதைத் தொடக்கத்திலிருந்து சொல்வதென்றால், கோயிலில் நாலு விளக்குமாறு இருந்த காலத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு அங்கே நாலு வகை ஜனம். கோயிலைக் கட்டிய பழைய ஊர்க்காரர்கள். பிழைக்க வந்த தீவுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த மலைக்காரர்கள். கடைசியாக வந்து சேர்ந்த, தமிழ் பேசும் நம்மவர்கள். ஒரே கோயில், ஒரே பீடம், ஆனால் நாலு நேரத்தில் நாலு பாஷையில் நாலு பூசை. ஒரு கூட்டம் வெளியே வரும்போது அடுத்த கூட்டம் உள்ளே போகும். வாசலில் பல்லைக் காட்டிச் சிரிப்பதோடு சரி. பீடத்துக்கு நாலு பேர் நாலு ஜாடியில் பூ வைத்தார்கள். பூசைப் பொருள் அறையில் நாலு அலமாரிக்கு நாலு பூட்டு. விளக்குமாறுகூட அவரவருக்கு ஒன்று, பிடியில் அவரவர் நிறத்தில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அடுத்தவர் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினால் அன்றைக்குச் சண்டை.

பிறகு வந்த பங்குச் சாமியாருக்கு ஒரே உடம்பு, பார்க்க வேண்டியதோ மூன்று பங்கு. இனி ஒரே பூசைதான், நாலு பாஷையும் கலந்து, என்று சொல்லிவிட்டார். யார் பாடுவது, யார் வாசிப்பது, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று வாய்த்தகராறு வாரக்கணக்கில் நடந்தது. சாமியார் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார், எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு கூட்டமும் தன் பாஷையில் ஒரு மன்றாட்டு கொண்டுவரட்டும் என்றார். யாருக்காக என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அதனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் நம் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் முழங்கால் வலிக்காக மன்றாடினார்கள். தீவுக்காரர்கள் தங்கள் படகுகளுக்காகவும், மலைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் வேலைக்காகவும் மன்றாடினார்கள். பழைய ஊர்க்காரர்கள், புதிதாக வந்தவர்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தாமல் இருக்க அருள் கேட்டார்கள். நாலாவது மன்றாட்டு முடிந்து எல்லாரும் மௌனமாக நின்றபோது, பழைய ஊர்க்காரரான ஓய்வுபெற்ற தபால் அதிகாரியின் வழுக்கைத் தலையில் முதல் சொட்டு விழுந்தது.

அவரவர் மன்றாட்டு அவரவர் தலையிலேயே விழுந்தது. பக்கத்துக் கூட்டத்தின் மேல் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. ஜில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீரை விளாவி வைத்தது போன்ற பதம். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் ஜனங்கள் குடையோடு வந்தார்கள். தச்சர் பெஞ்சுகளின் ஓரத்தில் குடை மாட்டக் கொக்கி அடித்துக் கொடுத்தார். ஆயர் நேரில் வந்து பார்த்தார். அவர் மனதுக்குள் தமக்கென்று என்ன கேட்டாரோ, அவருடைய தொப்பியும் நனைந்தது. துடைத்துக்கொண்டு, "ஒழுங்கா ஜெபம் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்கு எது என்பதை மலைக்காரர்களில் ஒருவரான பேருந்து ஓட்டுநர்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். நம் முறை வந்தபோது மேடையில் ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது ஓட்டுநர் எழுந்து போனார். முந்தின நாள் தன் பேருந்தில் உபதேசியார் நடுங்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறார். சந்தை நிறுத்தத்தில் ஏறும் அந்த ஒல்லி மனுஷனுக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று தன் பாஷையில் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கும் சொட்டு விழவில்லை. மத்தியானம் உபதேசியார் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

நம்மவர்களுக்குச் சும்மா இருக்க வராது, சோதித்துப் பார்த்தார்கள். தன் வீட்டுக்காகத் தன் பாஷையில் தானே கேட்டால் கூரையைத் தாண்டாது, கேட்டவர் தலையில் திரும்ப விழும். அதையே வேறு பாஷைக்காரர் தன் பாஷையில் கேட்டால் மேலே போய்விடும். கிளிப்பிள்ளை போல ஒப்பித்தால் செல்லாது, அப்போது இரண்டு பேரும் நனைவார்கள். கேட்பவருக்கு அந்தக் கஷ்டம் புரிந்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடைவீதிப் பாஷை இருந்தது, விலை கேட்கவும் வழி கேட்கவும் போதும்; வயிற்றெரிச்சலைச் சொல்ல அதில் வார்த்தை கிடையாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் பங்கு மண்டபத்தில் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். மலைக்காரப் பெண் தன் மாமியாரின் மறதியை நடித்துக் காட்ட, தபால் அதிகாரி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் கொத்தனார் தீவுக்காரக் கிழவரின் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகிக் காட்டுவார். முதலில் சிரிப்பு தாங்காது. அப்புறம் சிரிப்பு நிற்கும். வேறெந்தப் பங்கிலாவது கேட்டுப் பாருங்கள், எதிர்வீட்டுக்காரருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. இந்தப் பங்கில் நாலு பாஷைக்காரருக்கும் தெரியும். குடைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. விளக்குமாறுகளில் மூன்று தேய்ந்தபோது யாரும் புதிதாக வாங்கவில்லை, மிஞ்சிய ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மண்டபத்துக்கு வராத ஒரே ஆள் தையல்காரம்மா.

பேருந்துப் பணிமனைக்கு எதிரில் அவருக்கு ஒரு சின்னக் கடை. ஜிப் மாற்றுவது, சீருடையின் இடுப்பைப் பிடிப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. ஆனால் நாலு கூட்டமும் சேர்ந்த முதல் பூசைக்குச் சாமியார் போட்ட உடையைத் தைத்தது அவர்தான். நாலு கூட்டமும் கொடுத்த நாலு துணியை, தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி இணைத்திருந்தார். பெரிய பண்டிகைகளுக்கு இன்றும் அதுதான். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடமும் போய் நிற்காமல், ஒற்றை ஆளாக ஒற்றைப் பிள்ளையை வளர்த்தார். அவன் பீடச் சிறுவனாக நின்ற காலத்தில் அவனுடைய வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் பார்த்தவர் கிடையாது. எல்லார் தலையிலும் மழை பெய்த காலமெல்லாம் அவன் அம்மாவின் குடைக்குள் ஒட்டி உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிச் சொட்டுப் பிடித்து விளையாடுவான். தையல்காரம்மா அதட்டுவார். ஆனால் அந்தக் காலத்தில் அவருக்கு விழுந்தது நாலைந்து சொட்டுதான். கேட்க அவருக்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

பிள்ளை வளர்ந்து சரக்கு வண்டி ஓட்டப் போனான். ஒரு விடியற்காலை, சாலையோரம் நடந்துபோன ஒருவரை வண்டி தட்டிவிட்டது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். அது நடந்தது தூரத்து ஊர் ஒன்றில், செய்தி இங்கே எட்டவில்லை. தையல்காரம்மா விசாரணைக்குப் போகவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கால்சட்டைக்கு அன்றைக்கெல்லாம் ஓரம் தைத்தார். பையன் எங்கே என்று முதலில் கேட்டவரிடம், "கப்பல் வேலைக்குப் போயிருக்கான்" என்றார். வாயிலிருந்து வந்துவிட்டது, அப்புறம் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒரு வருடம் அவனைப் பார்க்கப் போகாமல் வீம்பாக இருந்தார். பிறகு தாங்கவில்லை. மாதத்தில் முதல் வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டுச் சிறைக்குப் போக ஆரம்பித்தார். பார்வையாளர் அறையில் ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. காவலர் உள்ளே போய்விட்டு வந்து, "வரமாட்டேங்குறான்மா" என்பார். தையல்காரம்மா எழுந்து போக மாட்டார். கொடுத்த நேரம் முடியும் வரை காலி நாற்காலிக்கு எதிரில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியே கைதிகள் போவது தெரியும். அவர்களுடைய சட்டையின் காலர் தையல் மகா மட்டம், சுருங்கிச் சுருங்கி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். அடுத்த மாதமும் போவார். வருடக்கணக்காக இதுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: ஒரே ஒரு தடவை அவன் வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். விடுதலை கேட்கவில்லை, தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. தன் பாஷையில், தன் பிள்ளைக்காக, தானே கேட்டார். மழை கொட்டியது. மற்றவர்களுக்கு விழுந்தது போலச் சொட்டு இல்லை. நிஜமான மழை, குடைமேல் தடதடவென்று. ஊருக்கெல்லாம் தெரியும், இப்படிக் கொட்டினால் இந்தம்மாவுக்குப் பெரிய கஷ்டம் ஏதோ இருக்கிறது என்று. என்ன கஷ்டம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லையே" என்பார், தலைக்கு மேல் மழை பெய்துகொண்டிருக்கும்போதே. சாமியாருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் தெரியும், ஆனால் அவர் வாய் திறக்க முடியாது. பூசை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது, "குடை பழசாயிடுச்சும்மா, ரொம்ப நாள் தாங்காது" என்று மட்டும் சொல்வார்.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மெல்ல இடம் மாறிவிட்டார்கள், மீன்காரம்மா ஒருவரைத் தவிர. மீன்காரம்மா தீவுக்காரர். சந்தையில் அவர் கூவினால் கோயில் மணிக்கு வேலையில்லை. தையல்காரம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அந்தக் குரலும், அந்த வாசனையும், பூசை நடுவே கொட்டாவி விடுவதும். குடையிலிருந்து வழியும் தண்ணீர் மீன்காரம்மாவின் இடது தோளில்தான் விழும். வாரா வாரம் அந்தத் தோள் நனையும். அவர் நகரவில்லை, குறை சொல்லவும் இல்லை. தமிழில் அவர் கற்றுக்கொண்டிருந்தது கொஞ்சம்தான். பூசை முடிந்ததும் நனைந்த தோள்துணியைப் பிழிந்துகொண்டே கேட்பார்:

"அக்கா, கப்பல் நல்லா?"

"நல்லா இருக்கு."

"கடல் நல்லா?"

"அதுவும் நல்லா இருக்கு."

அப்படிக் கேட்டுக்கொண்டு, மீன்காரம்மா ஞாயிறு தவறாமல் தையல்காரம்மாவின் பிள்ளைக்காகத் தன் பாஷையில் மன்றாடினார்: அவன் போகிற கடலில் அலை அடிக்கக் கூடாது. யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. அந்த மன்றாட்டு ஒரு சொட்டுக்கூடத் திரும்பாமல் நேரே மேலே போனது. அந்த வருடங்களில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். புயல் அறிவிப்பு ஒன்றுகூட வரவில்லை. படகுகள் நிறைந்து வந்தன, மத்தி விலை பாதியாக இறங்கியது, வஞ்சிரம் ஏழை வீட்டிலும் பொரிந்தது. தையல்காரம்மா மட்டும் அந்த வருடங்களில் மீன் வாங்கவில்லை. தன் பொய்யால் வந்த மீனைச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு வியாழக்கிழமை, காவலர் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். "அம்மா, அவனை ரொம்பத் தூரத்து ஜெயிலுக்கு மாத்தப் போறாங்க. அடுத்த மாசம் நீங்க வர்றது இங்க கடைசியா இருக்கும். அங்கெல்லாம் மாசாமாசம் உங்களால வர முடியாது" என்றார். தையல்காரம்மா சரி என்று தலையசைத்தார். வீடு வந்து சேரும் வரை அழவில்லை, சேர்ந்த பிறகும் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் மூன்றாவது பெஞ்சில் பெய்த மழையைப் பார்த்து மலைக்காரர்கள், தங்கள் மலையில்கூட இப்படிப் பெய்ததில்லை என்றார்கள். வாளி பத்தவில்லை, இன்னொன்று வைத்தார்கள்.

கடைசி வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடை உடைந்தது. மன்றாட்டு தொடங்கிய வேகத்தில் கொட்டிய மழையில் கம்பிகள் ஒவ்வொன்றாக மடங்கின, துணி கிழிந்து தொங்கியது. மேடையில் வாசித்துக்கொண்டிருந்த தபால் அதிகாரி நிறுத்திவிட்டார். தையல்காரம்மா கிழிந்த குடையை ஒழுங்காக மடித்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் கைகூப்பி உட்கார்ந்தார். தலைமுடி கலைந்து முகத்தில் ஒட்டியது. பார்த்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவரிடம் போக யாருக்கும் தைரியமும் இல்லை.

மீன்காரம்மா தன் பையைத் திறந்து, கடையில் கட்டும் பெரிய ரப்பர் ஏப்ரனை எடுத்து உதறினார். இரண்டு செதில் பறந்தன. அதை விரித்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினார். உள்ளே இருட்டு, மீன் கவிச்சி, மேலே மழைச் சத்தம். தன்னை யாரும் பார்க்க முடியாத ஒரு இடம் அத்தனை வருடத்தில் தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் கிடைத்தது. உடைந்துவிட்டார். எல்லாவற்றையும் தமிழில் கொட்டினார், மூச்சு விடாமல். அந்த வேகத்தில் மீன்காரம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"அக்கா, கப்பல் போச்சா?"

"கப்பலே இல்ல."

அதற்கு மேல், ஏப்ரனின் ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தில் கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து பழகியிருந்தால் சுலபமாக வந்திருக்கும். தையல்காரம்மாவுக்குப் பழக்கமில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். இரண்டு விரலை நடக்கவிட்டு, சரித்துப் படுக்க வைத்தார். சக்கரம் நிற்காமல் போனதைக் காட்டினார். பிறகு பத்து விரலையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் தன் முகத்தை வைத்தார். கடைசியாக, எதிரில் ஒரு நாற்காலியைக் காற்றில் வரைந்து, அதில் யாரும் இல்லை என்று கையை விரித்தார். "வரமாட்டேங்குறான்" என்றார்.

மீன்காரம்மா பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் அந்தப் பங்கு கேட்டது. திடீரென்று பளார் என்று ஓர் அடி. தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "கடல்!" என்று கத்தினார். "இத்தனை வருஷம் நான் கடல்! கடல்! கடல்!" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். ஏப்ரனைத் தையல்காரம்மாவின் தலையிலேயே விட்டுவிட்டு மேடைக்கு நடந்தார். தபால் அதிகாரி விலகி நின்றார்.

ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. தன் பாஷையில், சந்தைக் குரலில், மீன்காரம்மா மன்றாடினார். தையல்காரம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் மீன்காரம்மாவின் கையும் கூடவே பேசியது. முதலில் அந்தக் கை காட்டியது சிறைக் கம்பியை இல்லை. இரண்டு விரல் நடந்தன, சரிந்து படுத்தன. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன. செத்தவருக்காக முதலில் கேட்கிறார் என்று தையல்காரம்மாவுக்குப் புரிந்தது. இத்தனை வருடம் இத்தனை மழையில் அந்த மனிதருக்காகத் தான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அது கப்பல் பொய்யின் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு கம்பி வந்தது. பிறகு நாற்காலி.

தீவுக்காரர்கள் அத்தனை பேரும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பயந்து அவர் வருடக்கணக்காக நனைந்தாரோ, அது நடந்துவிட்டது. தீவுக்காரர்களிடமிருந்து மலைக்காரர்களுக்கும், அவர்களிடமிருந்து பழைய ஊர்க்காரர்களுக்கும், கடைசியில் நம்மவர்களுக்கும், கையும் விரலுமாக விஷயம் பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. தையல்காரம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். ஓடி ஒளிகிறவர் இல்லை அவர். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

யாருக்காக மன்றாட்டோ அவருடைய பாஷையில் பதில் சொல்வது அந்தப் பங்கின் வழக்கம். அத்தனை பேரும் சொன்னார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." நாலு விதமாக உச்சரித்த தமிழ். தபால் அதிகாரிக்கு அதில் பாதி எழுத்து வராது. வந்த எழுத்தையெல்லாம் அழுத்திச் சொன்னார். சுவர் அதிர்ந்தது என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக நினைப்பீர்கள். அதிரத்தான் செய்தது. ஜாடியில் பூ ஆடியது. மூன்றாவது பெஞ்சில் மழை பாதியில் அறுந்தாற்போல் நின்றது. வாளியில் கடைசிச் சொட்டு விழும் சத்தம் பீடம் வரை கேட்டது.

வாசலில் கப்பலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உபதேசியார் வந்து, "எந்தக் கிழமை பாக்க விடுவாங்க?" என்று கேட்டார். வியாழன் என்றதும் பேருந்து ஓட்டுநர், தான் அன்றைக்கு அந்தத் தடத்துக்கு வேலையை மாற்றிக்கொள்வதாகச் சைகையில் சொன்னார். மீன்காரம்மா வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு, நல்ல சேலை கட்டி, கூடவே வந்தார். சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். தகராறு செய்துபார்த்துவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

தையல்காரம்மா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். காவலர் உள்ளே போனார். திரும்பி வந்தவர் எதுவும் சொல்லவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். மெலிந்திருந்தான். காலர் தையல் சுருங்கித்தான் இருந்தது. உட்காரக்கூட இல்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னடா? நல்லாத்தானே இருக்கேன்."

அப்போதுதான் உட்கார்ந்தான். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை பயந்துட்டேம்மா. கொட்டிக்கிட்டே இருந்துச்சு, பாதியில டக்குன்னு நின்னுடுச்சு. பேசிக்கிட்டிருந்தவங்க பாதியில விழுந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

"எது கொட்டுச்சு?"

"மழைதான். ஞாயித்துக்கிழமை காலையில என் கட்டில் மேல பெய்யுமே. வருஷக்கணக்கா பெய்யுது. இங்க எல்லாரும் ஓட்டை ஓட்டைன்னு தேடுறாங்க. எனக்குத் தெரியாதா? இந்த வெதுவெதுப்புலதானே சின்ன வயசுல உக்காந்திருந்தேன், உன் குடைக்குள்ள." காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அம்மா திட்டுறாள்னு நினைச்சுக்குவேன். திட்டட்டும், நினைப்பு இருக்குதேன்னு படுத்திருப்பேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் முன்னால வந்து உக்கார்றது, சொல்லு."

கூரையைத் தாண்டாமல் தன் தலையிலேயே திரும்பி விழுந்து வீணாய்ப் போனதாகத் தையல்காரம்மா நினைத்த அத்தனை வருட மன்றாட்டும் அவன் மேல்தான் பெய்திருக்கிறது. எழுந்து போய் அவன் காலரைச் சரி செய்தார். காவலர் தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேரம் முடிந்து எழுந்தபோது அவன் சொன்னான்: "அதை நிப்பாட்டிடாதேம்மா. நனைஞ்சா என்ன, காஞ்சிடப் போகுது."

இதைக் கேட்ட பிறகுதான் உபதேசியாருக்கு, அந்தக் காலத்தில் தூர ஊரில் இருக்கும் தன் தங்கை, தான் அவளுக்காக மன்றாடிய வாரமெல்லாம் சமையலறை ஒழுகுகிறது என்று புலம்பியது நினைவுக்கு வந்தது. வேறு சிலருக்கும் அப்படிச் சில நினைவுகள் வந்தன. கூரை வேலை செய்கிறவர் மட்டும், தன் வேலையில் குற்றமில்லை என்று முதலிலேயே சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிள்ளையைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தையல்காரம்மாவால் இப்போது வருடத்துக்கு இரண்டு தடவைதான் போக முடிகிறது. போகும்போது அவன் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் மீன்காரம்மாவுக்கு எதிரில் அவருக்கு நாற்காலி இருக்கிறது. கேட்க வேண்டியதை எல்லாரையும் போல அங்கே கேட்டுவிடுகிறார். செத்தவரின் பெயரையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார், அவருக்கான மன்றாட்டு வருடா வருடம் நாலு பாஷையிலும் நடக்கிறது. கடலில் பழையபடி அலை அடிக்கிறது, மத்தி விலை ஏறிவிட்டது. தையல்காரம்மா இப்போது மீன் வாங்குகிறார், பேரம் பேசித்தான் வாங்குகிறார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, மற்ற மன்றாட்டெல்லாம் மேலே போன பிறகு, அவர் தனக்கென்று ஒன்றைத் தன் பாஷையில் மெதுவாகச் சொல்கிறார். அது கூரையைத் தாண்டாது என்று தெரிந்துதான் சொல்கிறார். சொல்வதற்கு முன்னால் குடையை விரித்துக்கொள்கிறார். பழைய கம்பியை நிமிர்த்தி, மீன்காரம்மாவின் ரப்பர் ஏப்ரனை எட்டாக வெட்டி, தையல் எங்கே என்று தெரியாதபடி தைத்த குடை. கவிச்சி இன்னும் முழுதாகப் போகவில்லை. மீன்காரம்மா வாளியைக் காலால் தள்ளிச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, இடது தோளை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்.

இந்த வருடம் புதிதாக வந்த சாமியார், முதல் பூசையில், காணிக்கை நேரத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தியபடி நின்றுவிட்டார். உபதேசியார் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னார்.

"ஒண்ணுமில்ல சாமி. அந்தம்மா பிள்ளைகிட்ட பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க நடத்துங்க."

சாமியார் தலையசைத்துவிட்டு அப்பத்தைக் கையில் எடுத்தார்.